வீ ரிமோட்: மாலையானால் திரையில் கைக்குறி குதிக்கிறது, உதவி தேவை

யீஷூன்வாசி: வணக்கம். பழைய நிண்டெண்டோ வீ (Wii) வீடியோ கேம் கருவி ஒன்று வாங்கி டிவியில் மாட்டியிருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. மழை நாட்களில் கீழே நடக்கப் போக முடியாததால் ஹாலிலேயே பௌலிங் ஆடுகிறார். பகலில் ஒரு தொல்லையும் இல்லை. இரவு ஏழு மணிக்கு மேல் மெனுவில் கைக்குறி நடுங்குகிறது, திடீரென மூலைக்கு ஓடுகிறது. ஆட்டத்துக்குள் போய்விட்டால் பந்து ஒழுங்காக உருளுகிறது. பேட்டரி புதிது, வேறு ரிமோட்டிலும் இதே கதை. சென்சார் பார் கெட்டுவிட்டதா?

சால்டரிங்தம்பி: பந்து ஒழுங்காக உருளுகிறதே, அதுதான் துப்பு அண்ணே. கை வீச்சை ரிமோட்டுக்குள் இருக்கும் முடுக்கமானி (அசைவை அளக்கும் சில்லு) உணர்ந்து புளூடூத்தில் அனுப்புகிறது. திரையில் சுட்டுவது தனி வேலை. சென்சார் பாரின் இரு முனைகளிலும் அகச்சிவப்பு எல்இடிகள் எரியும். ரிமோட் முனையில் உள்ள கேமரா அந்த இரண்டு புள்ளிகளை வைத்துத்தான் இடத்தைக் கணக்கிடுகிறது. மூன்றாவதாக ஒரு வெளிச்சம் புகுந்தால் கணக்குக் குழம்பிவிடும். ஹாலில் மேற்கு வெயில் விழுகிறதா? டிவி அருகே விளக்கு ஏற்றுகிறீர்களா? செட்டிங்ஸில் சென்சார் பார், சென்சிட்டிவிட்டி என்று போய்ப் பாருங்கள். இரண்டு புள்ளிக்கு மேல் தெரிந்தால் பார் மேல் குற்றமில்லை.

யீஷூன்வாசி: மூன்று தெரிகிறது! டிவிக்கு இடப்பக்கம் சாமி மேடை, அங்கே காமாட்சி விளக்கு எரிகிறது. அதை அணைக்கச் சொல்லி அம்மாவிடம் கேட்க மாட்டேன்.

உட்லண்ட்ஸ்அக்கா: அணைக்கவே வேண்டாம் தம்பி. எண்ணெய்ச் சுடர் அகச்சிவப்பை நிறையவே வீசும். சென்சார் பார் இல்லாதபோது இரண்டு மெழுகுவர்த்தியை வைத்தே ஆடுகிறவர்கள் உண்டு. முதலில் சென்சிட்டிவிட்டியை ஒரு படி குறையுங்கள். அப்படியும் குதித்தால் டிவியைப் பக்கத்துச் சுவருக்கு மாற்றிவிடுங்கள், வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டு ஹாலில் அதற்கு இடம் இருக்கும். தயவுசெய்து சுடர் முன்னால் அட்டை, துணி எதுவும் வைத்து மறைக்காதீர்கள்.

யீஷூன்வாசி: குறைத்தும் சரியாகவில்லை. டிவியை மாற்றினேன். விளக்கு எரியும்போதே இப்போது இரண்டே புள்ளிகள். இருவருக்கும் மிக்க நன்றி!

சால்டரிங்தம்பி: நல்லது அண்ணே. அப்புறம், அம்மா ஆடும்போது மணிக்கட்டுப் பட்டையைக் கட்டாயம் மாட்டச் சொல்லுங்கள். 2006இல் முதலில் வந்த பட்டையின் கயிறு 0.6 மி.மீ. தான், வீசும் வேகத்தில் அறுந்ததால் 1 மி.மீ. ஆக மாற்றினார்கள். உங்களுடையது மெல்லியதாக இருந்தால் தடித்த பட்டையாக வாங்கிப் போடுங்கள்.