லேப் குட்டியை டாக் ஷோவில் இறக்கணும், எங்கிருந்து ஆரம்பிக்கறது? (கடலூர்)

மஞ்சக்குப்பம்_லேப்:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் மஞ்சள் லேப்ரடார் ஆண் குட்டி, 7 மாசம் முடிஞ்சுது, 31 கிலோ. புதுச்சேரியில் வாங்கினது. கே.சி.ஐ. (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) பதிவுப் பேப்பர் கையில் இருக்கு, ஆனா ஓனர் இடத்தில் இன்னும் பிரீடர் பேர்தான். மைக்ரோசிப் போட்டாச்சுன்னு சொன்னாங்க, நாங்க செக் பண்ணலை. தினமும் காலையில் சில்வர் பீச்சில் ஓட விடறோம். "உட்காரு", "கை குடு" எல்லாம் தெரியும். சென்னையிலோ ஊட்டியிலோ ஒரு ஷோவில் இறக்கணும். இந்த பேப்பர் போதுமா? நானே ரிங்கில் (ஜட்ஜ் பார்க்கற களம்) கூட்டிட்டுப் போகலாமா, ஹேண்ட்லர் (நாயை நடத்திக் காட்டற ஆள்) வைக்கணுமா? என்ன பழக்கணும்?

வில்லியனூர்வாசி:
தம்பி, முதல் வேலை பேப்பர். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

நாளைக்கே ஸ்கேனர் இருக்கிற டாக்டரிடம் போய் சிப்பைப் படிக்கச் சொல்லுங்கள். 15 இலக்க எண் வரும். அது சான்றிதழில் அச்சான எண்ணோடு ஒவ்வொரு இலக்கமாகப் பொருந்த வேண்டும். தோள்பட்டைகளுக்கு நடுவில்தான் போடுவார்கள், ஆனால் சில நாய்களுக்குச் சிப் கீழே நகர்ந்து தோள் பக்கமோ முழங்கை பக்கமோ போய்விடும். நடுவில் சத்தம் வரவில்லை என்றால் இரண்டு தோளையும் மார்பையும் மெதுவாகத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். எண் பொருந்தாவிட்டால் உடனே பிரீடரிடம் பேசுங்கள். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்குப் பேப்பர் மாறிப்போவது நடக்கிற விஷயம். தாமதித்தால் இன்னொரு குட்டியை வாங்கியவரைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

எண் சரி என்றால் பெயர் மாற்றம். கே.சி.ஐ. தலைமை அலுவலகம் சென்னையில்தான். மாற்றத்துக்குப் பிரீடரின் ஒப்புதல் வேண்டும், அதனால் அவர் போன் எடுக்கிற காலத்திலேயே முடித்துவிடுங்கள். ஷோ என்ட்ரி, ஷோ நாளுக்கு வெகு முன்பே மூடிவிடும். சான்றிதழில் உள்ள பெயர், பிறந்த தேதி, அப்பா அம்மா பெயர், எழுத்துப் பிசகாமல் என்ட்ரியில் வர வேண்டும். வீட்டில் கூப்பிடுகிற பெயரை அங்கே எழுதக் கூடாது. எந்த வகுப்பு என்பது ஷோ நடக்கும் நாளில் குட்டிக்கு எத்தனை மாதம் என்பதைப் பொறுத்தது, விண்ணப்பிக்கிற நாளை வைத்து அல்ல. அந்தந்த ஷோவின் அறிவிப்பில் வயது வரம்பு இருக்கும், வரிவிடாமல் படியுங்கள்.

இன்னொன்று, வெட்கப்படாமல் கேளுங்கள்: இரண்டு விதையும் பையில் இறங்கியிருக்கிறதா என்று டாக்டரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆண் நாயை ஜட்ஜும் தொட்டுப் பார்ப்பார். ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் பிரீட் ரிங்கில் (இன வாரியான போட்டியில்) இடமில்லை. 6 மாதத்துக்கு மேல் இறங்குவது அபூர்வம். உள்ளே தங்கிய விதையில் கட்டி வர வாய்ப்பு அதிகம், அதனால் ஷோவை மறந்து அறுவை சிகிச்சைக்குத்தான் யோசிக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால், ஷோவில் இருக்கும்வரை கருத்தடை செய்யாதீர்கள். இனப்பெருக்கத்துக்குத் தகுதியான நாயைத் தேர்ந்தெடுப்பதற்காக வந்ததுதான் இந்தப் போட்டி.

முத்தியால்பேட்டை_ரிங்சைட்:
நீங்களே கூட்டிட்டுப் போகலாம். ஹேண்ட்லர் கட்டாயம் இல்லை. ஒரு ஷோவுக்கு நாய் இல்லாம போய் லேப் ரிங் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்க, பாதி சந்தேகம் அங்கேயே தீரும்.

ஜட்ஜ் ஒரு நாய்க்குத் தர்றது ரெண்டு மூணு நிமிஷம். அதுக்குள்ள மூணு விஷயம்: அசையாம நிக்கணும், வேத்து ஆள் வாயைத் திறந்து உடம்பு முழுக்கத் தடவ விடணும், ஒரே சீரா ஓடணும். இதில் குட்டிகள் அதிகமா தடுமாறுறது ரெண்டாவதில். அதனால அதிலிருந்து ஆரம்பிங்க. தினமும் உதட்டைத் தூக்கி முன்பல், அப்புறம் ரெண்டு பக்கமும் கடவாய்ப் பல், மூணு செகண்ட், ஈரல் துண்டு. வீட்டு ஆளுங்க பழகினதும் பக்கத்து வீட்டுக்காரர், பால் போடறவர், தொப்பி போட்டவர், கண்ணாடி போட்டவர்னு ஆளை மாத்துங்க. மேல் முன்பல் கீழ் முன்பல்லை ஒட்டி முன்னால மூடணும், அதுதான் லேப்புக்குச் சரியான கடி. பெரிய நாய்க்குப் பல் மொத்தம் 42.

நிக்க வைக்கறது: முன் கால் முதல்ல. பாதத்தைப் பிடிக்காதீங்க, முழங்கையைப் பிடிச்சுத் தூக்கி, தோளுக்கு நேர் கீழே வைங்க. அப்புறம் பின்கால், தரைக்கும் குதிமூட்டுக்கும் நடுவில் இருக்கற எலும்பு செங்குத்தா நிக்கற அளவுக்குப் பின்னால. பின்காலை முதல்ல இழுத்து வெச்சா நாய் பின்பக்கமா சாயும், முதுகு சரிவாத் தெரியும்.

இப்போ உங்க "உட்காரு" விஷயம். தீனி காட்டினதும் உட்காரப் பழகின குட்டி, ரிங்கில் தீனியைப் பார்த்ததும் உட்காரத்தான் செய்யும். ரெண்டு மாசத்துக்கு உட்கார்ந்தா தீனி கிடையாது, நின்னாதான். "நில்"னு தனிச் சொல் வைங்க. உட்கார்ந்துட்டா கத்தாம ஒரு அடி முன்னால நடங்க, தானா எழுந்துக்கும், அந்த நொடியில் குடுங்க.

ஓட்டம்: நாய் உங்க இடது பக்கம், வட்டம் கடிகாரத்துக்கு எதிர்த்திசை, ஏன்னா ஜட்ஜ் உள்ளே நிப்பார், நாயை நீங்க மறைக்கக் கூடாது. நேராப் போய்த் திரும்பி வர்றது, முக்கோணம், ரெண்டையும் 15 மீட்டர் இடத்தில் பழக்குங்க. ஒரே பக்கத்து ரெண்டு காலும் சேர்ந்து போனா அது ஒட்டக நடை. ரொம்ப மெதுவா நடந்தாலோ, களைச்சிருந்தாலோ வரும். லீடை (கழுத்துக் கயிறு) லேசா ஒரு தட்டு தட்டி, ஒரு திருப்பம் எடுத்து வேகத்தைக் கூட்டினா சரியாகும். லீட் மெல்லிசா இருக்கணும், காதுக்குப் பின்னால உசரத்தில் இருக்கணும், தளர்வா இருக்கணும். இறுக்கித் தூக்கினா முன்கால் தரையில் பாவாது, நல்ல தோள் இருக்கற நாய் கூட கெட்டதாத் தெரியும்.

ஒரு தடவைக்கு 5 நிமிஷம், நாளைக்கு ரெண்டு தடவை, அவ்வளவுதான். அதுக்கு மேல போனா குட்டிக்குச் சலிப்பு வந்துடும், சலிச்ச முகத்தை ரிங்கில் மறைக்க முடியாது.

ஈரலை உப்பு, வெங்காயம் போடாம 10 நிமிஷம் வேக வெச்சு, பட்டாணி அளவு நறுக்கி, தோசைக்கல்லில் ஈரம் போக வறட்டிக்குங்க. நம்ம ஊர் புழுக்கத்தில் சாயங்காலத்துக்குள்ள கெட்டுடும், மிச்சத்தை ஃப்ரீஸர்ல வைங்க. அதிகம் குடுத்தா வயித்தால போகும்.

மஞ்சக்குப்பம்_லேப்:
ரொம்ப நன்றி அண்ணா. இன்னைக்கு ஸ்கேன் பண்ணியாச்சு, நம்பர் பொருந்துது. ரெண்டு விதையும் இறங்கியிருக்கு. ஆனா வலது பக்கம் மேல் உதட்டைத் தூக்கினா தலையை இழுத்துக்கறான். அங்கே கோரைப்பல் ரெண்டு ஒட்டி ஒட்டி இருக்கற மாதிரி தெரியுது, ஒண்ணு மெலிசு, ஒண்ணு தடிமன்.

நெல்லிக்குப்பம்_கால்நடை:
வாய் பழக்குவதை நிறுத்துங்கள். மெலிந்தது விழாமல் தங்கிய பால்பல்லாக இருக்க வேண்டும். நிரந்தரக் கோரைப்பல் 5, 6 மாதத்தில் முளைக்கும்போதே பால்பல் விழுந்துவிடும். விழாவிட்டால் புதுப் பல்லை இடம் மாற்றித் தள்ளும், நடுவில் உணவு சிக்கி ஈறு புண்ணாகும். கடி அமைப்பு கெட்டுவிட்டால் ஷோவில் பெரிய குறை, அதைவிட நாய்க்கு வாழ்நாள் தொல்லை. மயக்க மருந்து கொடுத்து வேரோடு எடுக்க வேண்டும். வீட்டில் அசைத்துப் பிடுங்கினால் வேர் உடைந்து உள்ளே தங்கும். புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி நிலையத்தில் காட்டலாம், உங்களுக்குப் பக்கம்தான். ஆறியபின் இரண்டு வாரம் கழித்து, இடது பக்கத்திலிருந்து ஆரம்பித்துப் பழக்குங்கள். வலித்த இடத்தைத் தொட்டால் வலிக்காது என்று அது புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும்.

31 கிலோ இந்த வயதுக்குக் கொஞ்சம் கூடுதல். தராசை விட விரலை நம்புங்கள்: அழுத்தாமல் தடவினாலே விலா எலும்பு தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்க வேண்டும். ஈரலையும் சேர்த்துக் கணக்கிட்டு உணவில் பத்தில் ஒரு பங்கு குறையுங்கள். வளர்ந்த ஆண் லேப்புக்குத் தர நிர்ணயம் சொல்லும் உயரம் தோளில் 56 முதல் 57 செ.மீ. கொழுத்தால் உயரம் வராது, மூட்டுதான் தேயும்.

கடற்கரை ஓட்டம் பற்றி எனக்குக் கவலை உண்டு. எலும்பு வளரும் முனைகள் லேப்புக்கு ஒரு வயதைத் தாண்டித்தான் மூடும். புதைமணலில் நீண்ட ஓட்டம், பந்தைத் துரத்தித் திடீரென்று திரும்புவது, இரண்டும் இப்போது வேண்டாம். அலை நனைத்த கெட்டி மணல் பரவாயில்லை, ஆனால் அது கடல் பக்கம் சரிந்திருக்கும். ஒரே திசையில் போனால் ஒரு பக்கக் கால்கள் மட்டும் பாரம் தாங்கும், அதனால் போன அதே தூரம் திரும்பி நடங்கள். மணல் ஒட்டிய பந்தைக் கவ்வினால் மணல் வயிற்றுக்குள் போய் அடைக்கும். வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் காது மடலோடு கழுவித் துடையுங்கள். ரிங் ஓட்டத்துக்குப் புல் தரை உள்ள மைதானம்தான் ஏற்றது.

தடுப்பூசிப் புத்தகம் முழுமையாக இருக்கட்டும்: வெறிநோய், டி.எச்.பி.பி. (டிஸ்டெம்பர், பார்வோ முதலியவற்றுக்கான கூட்டு ஊசி), எலிக்காய்ச்சல். நூற்றுக்கணக்கான நாய்கள் மூச்சுக் கலக்கும் இடம் என்பதால் கென்னல் காஃப் (நாய்களிடையே தொற்றும் இருமல்) தடுப்பூசியும் முன்கூட்டியே போடுங்கள். உண்ணிக்கு மாத்திரை தவறக் கூடாது. இடுப்பு மூட்டு எக்ஸ்ரேயை ஒரு வயது முடிந்ததும் எடுங்கள், அதற்கு முன் எடுத்தால் தரம் சொல்ல முடியாது.

முத்தியால்பேட்டை_ரிங்சைட்:
பல்லைப் பத்தி டாக்டர் சொன்னது சரி, நான் முதல்லயே கேட்டிருக்கணும்.

பயணமும் குளியலும் விட்டுப்போச்சு. லேப்பை ஷோவுக்கு முதல் நாள் குளிப்பாட்டாதீங்க. எண்ணெய்ப் பசை போய் முடி பஞ்சாத் தூக்கி நிக்கும். 3 நாள் முன்னால குளிப்பாட்டி, டேபிள் ஃபேன் வெச்சு அடிமுடி வரை காய வைங்க. ஈரம் தங்கினா ஒரே ராத்திரியில் ஈரப்புண் வரும், ஐப்பசி கார்த்திகையில் இன்னும் சீக்கிரம். நகம் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா வெட்டினாதான் உள்ளே இருக்கற ரத்தக்குழாய் பின்வாங்கும். ஷோவுக்கு முதல் நாள் மொத்தமா வெட்டினா ரத்தம் வரும், மறுநாள் நொண்டும்.

ஊட்டி ஷோ மே மாசம், சவுத் ஆஃப் இந்தியா கென்னல் கிளப் நடத்துறது. அக்னி நட்சத்திரத்தில் சமவெளியைத் தாண்டித்தான் போகணும், அதனால ராத்திரியில் கிளம்புங்க. மலை ஏறுறதுக்கு 4 மணி நேரம் முன்னால சாப்பாட்டை நிறுத்துங்க. மூச்சிரைப்பு அடங்காம, எச்சில் கெட்டியாகி, ஈறு செக்கச்செவேல்னு ஆனா, வண்டியை நிறுத்தி முதல்ல உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்துங்க, குறிப்பா வயிறு, தொடை இடுக்கு. அப்புறம்தான் டாக்டரைத் தேடணும். முதல் ஷோவுக்குச் சென்னைதான் நல்லது, ஈ.சி.ஆரில் ஒரே நாளில் போய்த் திரும்பலாம்.

சத்தம் பழக்க வாரத்தில் ரெண்டு நாள் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் வாசலுக்குக் கூட்டிட்டுப் போங்க, தள்ளி நின்னு ஆரம்பிங்க. ரிங்குக்கு வேட்டி, துப்பட்டா வேண்டாம், காத்தில் பறந்து குட்டியை மிரட்டும். மஞ்சள் நாய்க்குப் பக்கத்தில் அடர்நிற பேன்ட் போட்டா காலசைவு ஜட்ஜுக்குத் தெளிவாத் தெரியும். ரப்பர் அடி போட்ட ஷூ. நம்பர் இடது கையில். தீனியை வலது பாக்கெட்டில் வைங்க, இடது பாக்கெட்டில் இருந்தா நாய் முழு வட்டமும் தலையைத் திருப்பிக்கிட்டே ஓடும்.