மனைவிக்கு நானே கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பதா, டிரைவிங் ஸ்கூலில் விடுவதா?

கீழக்கரை சபுராளி:
அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். துபாயில் 11 வருடமாக இருக்கிறேன், இப்போது 40 நாள் லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். அடுத்த வருடம் வீட்டில் உள்ளவர்களை அங்கே அழைத்துக்கொள்ளப் போகிறேன். அங்கே நான் வேலைக்குப் போன பிறகு, ஜூன் மாத வெயிலில், பிள்ளையை ஸ்கூலில் இருந்து கூட்டி வருவது முதல் கடைக்குப் போவது வரை வண்டி ஓட்டத் தெரியாத பெண்ணுக்கு எல்லாமே சிரமம், அதை மற்ற குடும்பங்களில் பார்த்துவிட்டேன். அதனால் இந்த லீவிலேயே நானே கற்றுக்கொடுத்து லைசென்ஸும் எடுத்துவிடலாம் என்று எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) போட்டாச்சு. அதிகாலை சுபுஹு தொழுத பிறகு திருப்புல்லாணியில் இருந்து சேதுக்கரை போகும் ரோட்டில் ஆள் நடமாட்டம் இருக்காது, அங்கேதான் பழக்குவதாக இருக்கிறேன். டிரைவிங் ஸ்கூலில் விடு என்கிறார் மச்சினன். ஒரு வண்டியில் நாலு பேரை ஏற்றி ஆளுக்குப் பத்து நிமிடம் கொடுத்தால் அது என்ன படிப்பு? ஊர் லைசென்ஸ் கையில் இருந்தால் துபாயில் வகுப்பு மணி நேரமும் குறையும், பணமும் மிச்சம். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மஸ்கட் லாத்தா:
வ அலைக்கும் ஸலாம். தயவுசெய்து வேண்டாம் காக்கா. எனக்கும் அதே சேதுக்கரை ரோட்டில்தான் மச்சான் (என் வீட்டுக்காரர்) கற்றுக்கொடுத்தார்கள், அதுவும் லீவில்தான். நல்ல மனுஷர், வீட்டில் குரல் உயர்த்திப் பேசியதில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்ததும் வேறு ஆளாகிவிட்டார்கள். மூன்றாம் நாள் சீமைக்கருவேலப் புதருக்குள் இருந்து ஆடு ஒன்று ரோட்டுக்கு வந்தது, நான் பிரேக் மிதிப்பதற்குள் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்துவிட்டார்கள், வண்டி மண்ணில் இறங்கி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அதற்கு அப்புறம் ஒன்றரை வருடம் நான் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. பயம் ரோட்டின் மேல் இல்லை, பக்கத்தில் இருந்து வரப்போகும் கையின் மேல்.

இன்னொன்று. நம் ஊரில் இடது பக்கம் ஓட்டுகிறோம், வளைகுடா முழுக்க வலது பக்கம். மஸ்கட்டில் கற்றுக்கொண்டபோது ரவுண்டானாவுக்குள் நுழையும் முன் என் தலை தானாக வலது பக்கம் திரும்பும், அங்கே வண்டி வருவது இடது பக்கத்தில் இருந்து. ட்ரம் டெஸ்ட் என்று இரும்பு ட்ரம்களுக்கு நடுவே ரிவர்ஸில் நிறுத்தச் சொல்வார்கள், அதில்கூட இரண்டாம் தடவை தேறிவிட்டேன். ரோடு டெஸ்டில் மட்டும் மூன்று தடவை போயிற்று, மூன்றும் ஊர்ப் பழக்கத்தால். எதுவும் தெரியாமல் போயிருந்தால் சீக்கிரம் பழகியிருப்பேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

எல் போர்டு மாஸ்டர்:
நான் ராமநாதபுரத்தில் டிரைவிங் சொல்லிக்கொடுக்கிறேன், 19 வருடம் ஆகிறது. ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன் தம்பி. என் வண்டியில் என் காலுக்கு அடியிலும் கிளட்ச், பிரேக் இருக்கிறது. எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் இருக்க வேண்டும், அவரும் வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். உங்கள் வண்டியில் உங்களால் எதை வைத்து நிறுத்த முடியும்? ஹேண்ட் பிரேக் ஒன்றுதான். லாத்தா சொன்ன ஆடு என் வண்டிக்கு முன்னால் வந்திருந்தால் நான் ஸ்டியரிங் பக்கமே போயிருக்க மாட்டேன், கால் வேலை செய்திருக்கும். கத்துகிற கணவன் கெட்டவன் இல்லை, அவனுக்கு மிதிக்க ஒன்றும் இல்லாததால்தான் வாயும் கையும் முந்துகின்றன.

அப்புறம் உங்களையும் பாருங்கள். 11 வருடம் வலது பக்கம், அனேகமாக கியர் இல்லாத வண்டி. லீவில் வருபவர்கள் முதல் வாரம் இண்டிகேட்டர் போட நினைத்து வைப்பரைத் தட்டுவதை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். உங்கள் கையே ஊருக்குத் திரும்பாத நேரத்தில் அடுத்தவருக்கு ஹாஃப் கிளட்ச் (கிளட்சைப் பாதி விட்டுப் பிடிப்பது) சொல்லிக்கொடுப்பது சரியா?

லெஸ்டர் தேவிபட்டினம்:
மாஸ்டர் சொல்வது மதிப்பானதுதான், ஆனால் முழுக்க ஒத்துக்கொள்ள மாட்டேன். இங்கிலாந்தில் 21 வயது தாண்டி, லைசென்ஸ் எடுத்து மூன்று வருடம் ஆன யாரும் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கலாம், எல் போர்டும் இன்ஷூரன்ஸும் இருந்தால் போதும், இரண்டாவது பிரேக் கேட்பதில்லை. மோட்டார்வேயில் மட்டும்தான் அனுமதி பெற்ற மாஸ்டரும் இரட்டை பிரேக் வண்டியும் வேண்டும் என்கிறார்கள். எனக்கு மாஸ்டர் வாரத்துக்கு இரண்டு மணி நேரம், மீதி எல்லாம் என் வீட்டுக்காரர்தான். மழையில், இருட்டில், சூப்பர் மார்க்கெட் பார்க்கிங்கில், குழந்தை பின்னால் அழுதுகொண்டிருக்கும்போது. மணிக்கணக்கில் காசு கொடுத்து இத்தனை பழக்கம் வாங்க எத்தனை குடும்பத்துக்கு முடியும்? கணவன் பக்கத்தில் இருந்தாலே பயம் என்று பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள், என் வீட்டுக்காரர் ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை.

மஸ்கட் லாத்தா:
உங்கள் நாட்டில் நம் ஊர் மாதிரியே இடது பக்கம்தானே தங்கச்சி? நீங்கள் ஓட்டிய பக்கமும் மாறவில்லை, அவரும் அதே ஊர் ரோட்டில் தினம் ஓட்டுகிறவர், வாரா வாரம் மாஸ்டரும் இருந்தார். இந்தக் காக்காவுக்கு இது எதுவுமே இல்லை. 40 நாளும் ஒரு காரும்தான் இருக்கிறது.

லெஸ்டர் தேவிபட்டினம்:
பக்கம் பற்றிச் சொன்னது சரி, அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் கிளட்ச் விடுவது, கண்ணாடி பார்ப்பது, முன்னால் போகும் வண்டியோடு இடைவெளி விடுவது எல்லாம் எந்தப் பக்கம் ஓட்டினாலும் ஒன்றுதான். ஒன்றும் தெரியாமல் போவது நல்லது என்பதை நான் ஏற்க மாட்டேன்.

தொண்டி மாப்பிள்ளை:
காக்காவின் கணக்கில் ஒரு தப்பு இருக்கிறது, அதைச் சொல்லாமல் போகக் கூடாது. நானும் துபாயில் இருந்தவன்தான், என் வீட்டில் அங்கேதான் லைசென்ஸ் எடுத்தார்கள். ஊர் லைசென்ஸுக்குச் சலுகை உண்டு, ஆனால் அது பழையதாக இருக்க வேண்டும். லைசென்ஸே இல்லாதவருக்கும், எடுத்து இரண்டு வருடம் ஆகாதவருக்கும் ஒரே 20 மணி நேரம். இரண்டில் இருந்து ஐந்து வருடம் என்றால் 15, அதற்கு மேல் 10. அடுத்த வருடமே அழைத்துக்கொண்டு போனால் இந்தக் கணக்கில் இந்த லைசென்ஸால் ஒரு மணி நேரம்கூடக் குறையாது. அங்கே போய் நீங்களே சொல்லிக்கொடுக்கவும் முடியாது, அனுமதி உள்ள ஸ்கூல்தான். பணம் மிச்சம் என்பதற்காக அவசரப்படுகிறீர்கள் என்றால் அந்தக் காரணத்தை விட்டுவிடுங்கள்.

கீழக்கரை சபுராளி:
இது எனக்குத் தெரியாது, ரூமில் ஒருவர் சொன்னதை அப்படியே நம்பிவிட்டேன். ஆனாலும் கற்றுக்கொள்வது வீண் இல்லையே. இன்னொரு சிக்கலும் இருக்கிறது, எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழித்துத்தான் டெஸ்டுக்குப் போக முடியும். வந்து ஒரு வாரம் கழித்துத்தான் எல்.எல்.ஆர். கிடைத்தது. மீதி கிடைப்பது கடைசி இரண்டு மூன்று நாள், அதில் தேதி கிடைக்காவிட்டால் எல்லாம் போயிற்று. அதனால்தான் தினமும் நானே உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பழக்கலாம் என்று பார்க்கிறேன்.

மண்டபத்துப் பொண்ணு:
என்ன போயிற்று அண்ணே? உங்கள் லீவுதான் 40 நாள். அண்ணியின் எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். நீங்கள் ஃபிளைட் ஏறுவதற்குள் அவர்கள் ஏன் கற்று முடிக்க வேண்டும்?

என் கதையைச் சொல்கிறேன். வீட்டுக்காரர் தம்மாமில் இருக்கிறார். லீவில் வரும்போது ஓட்டுவதற்காகவே ஒரு கார் வாங்கிப் போட்டார், மீதி பத்து மாதம் அது தார்ப்பாய் போட்டு ஷெட்டில் நிற்கும். ஒரு ராத்திரி மாமாவுக்கு நெஞ்சுவலி. வாசலில் கார் நிற்கிறது, சாவி கையில் இருக்கிறது, ஓட்ட ஆள் இல்லை. தெருவில் ஓட்டத் தெரிந்த ஆண்கள் கடலுக்குப் போயிருந்தார்கள். தெரிந்த டிரைவர் ஒருவரை எழுப்பி ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. மாமா பிழைத்தார், ஆண்டவர் புண்ணியம். அடுத்த வாரமே நான் ஸ்கூலில் சேர்ந்தேன், வீட்டுக்காரரிடம் சொன்னேன், அனுமதி கேட்கவில்லை.

ஸ்கூலில் கிளட்ச், கியர், ரிவர்ஸ் எல்லாம் வந்தது. ஆனால் அவர்கள் பட்டணம்காத்தான் பக்கமே சுற்றிச் சுற்றி ஓட்ட வைத்தார்கள். பாம்பன் ரோடு பாலத்தில் பக்கவாட்டில் அடிக்கும் காற்று வண்டியைத் தள்ளும்போது ஸ்டியரிங்கை எப்படிப் பிடிப்பது, கடலைப் பார்க்கவும் படம் எடுக்கவும் வழியிலேயே வண்டியை நிறுத்தியிருப்பவர்களை எப்படித் தாண்டுவது, அரிச்சல்முனை ரோட்டில் மணல் ஏறிக் கிடந்தால் எவ்வளவு மெதுவாகப் போவது, இதெல்லாம் லைசென்ஸ் எடுத்த பிறகு என் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான். ஆக மாஸ்டர் சொல்வதும் சரி, லெஸ்டர் அக்கா சொல்வதும் சரி, ஆனால் முதலில் மாஸ்டர், அப்புறம்தான் வீட்டு ஆள். நீங்கள் அதைத் தலைகீழாகச் செய்கிறீர்கள்.

வெளிநாட்டுக்குப் போவதற்காகக் கற்றுக்கொடுக்கிறேன் என்று நீங்கள் சொன்னதுதான் எனக்கு உறுத்தியது. விசா தள்ளிப்போனால் என்ன செய்வீர்கள்? ஊரில் இருக்கும் இந்த ஒரு வருடமும் அண்ணிக்கு வண்டி தேவைதானே?

கீழக்கரை சபுராளி:
தங்கச்சி, நீங்கள் சொன்ன ராத்திரியைப் படித்துவிட்டு வெகு நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. என் உம்மாவுக்கும் சர்க்கரை, பிரஷர் இருக்கிறது. ஆனால் நடைமுறையைப் பாருங்கள். நான் போன பிறகு வீட்டில் ஆண்கள் யாரும் இல்லை. எங்கள் தெருவுக்குள் கார் வராது, மெயின் ரோட்டில்தான் நிறுத்த வேண்டும். அவள் தனியாக ராமநாதபுரம் போய் ஆர்.டி.ஓ. ஆபீஸில் நிற்பது எனக்கு மனசு ஒப்பவில்லை.

மஸ்கட் லாத்தா:
காக்கா, மஸ்கட்டில் மூன்று தடவை ரோடு டெஸ்டுக்கு நான் தனியாகத்தான் போனேன், மச்சான் வேலையில் இருந்தார்கள். துபாயிலும் உங்கள் மனைவி வண்டிக்குள் தனியாகத்தான் உட்காருவார்கள், டெஸ்ட் வைப்பவர் உங்களை ஏற்றிக்கொள்ள மாட்டார். ஊரில், தெரிந்த பாஷையில், தெரிந்த ஆட்கள் நடுவே ஒரு தடவை தனியாக நிற்பது அதைவிடக் கஷ்டமா?

எல் போர்டு மாஸ்டர்:
நாலு பேரை ஏற்றுவது பற்றிச் சொன்னீர்கள், அப்படிச் செய்பவர்கள் உண்டு, அது தப்புதான். சேர்க்கும் முன் கேளுங்கள்: ஒரு நாளைக்கு இவர் கையில் ஸ்டியரிங் எத்தனை நிமிடம் இருக்கும், கூட எத்தனை பேர், ராத்திரி ஓட்டம் உண்டா. பதில் சொல்லத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள். பாலத்துக் காற்று பற்றி அந்தப் பிள்ளை சொன்னது எனக்கும் சேர்த்துத்தான், இனிமேல் கடைசி வாரத்தில் ஒரு நாள் பாம்பன் வரை கூட்டிப் போகிறேன்.

கீழக்கரை சபுராளி:
மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். மச்சினனின் மனைவிக்கு லைசென்ஸ் இருக்கிறது, அது எனக்கு ஞாபகமே வரவில்லை. ஸ்கூல் முடிந்த பிறகு அவர்கள் பக்கத்தில் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாளையில் இருந்து ஸ்கூல். டெஸ்டை நான் போன பிறகே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். ஆனால் சேதுக்கரை ரோட்டை நான் விடவில்லை, லைசென்ஸ் வந்த பிறகு அடுத்த லீவில் போவோம், அப்போது கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறேன்.

மஸ்கட் லாத்தா:
அப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

லெஸ்டர் தேவிபட்டினம்:
நான் போங்கள் என்பேன். போய் வந்து எழுதுங்கள்.

எல் போர்டு மாஸ்டர்:
எந்த ஸ்கூலாக இருந்தாலும் முதல் நாள் அவர்களிடம் இதைச் சொல்லி அனுப்புங்கள் தம்பி: பின்னால் பட்டை உள்ள தட்டைச் செருப்பு போடட்டும், அபாயாவின் ஓரம் கிளட்சில் மாட்டாதபடி முழங்காலுக்கு அடியில் ஒதுக்கிக்கொள்ளட்டும், சீட்டை முன்னால் இழுத்துக் கிளட்ச் முழுக்க மிதிபடுகிறதா என்று பார்த்த பிறகு சாவியைத் திருப்பட்டும். வண்டி முதல் நாள் பத்துத் தடவை ஆஃப் ஆகும், அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் எத்தனை தடவை ஆஃப் ஆயிற்று என்று மட்டும் கேட்காதீர்கள்.