துக்க விடுப்பு விதியைத் திருத்த உதவி வேண்டும் (கூடலூர்)

வணக்கம். கூடலூர் பக்கம் தேயிலைத்தூள் பேக்கிங் செய்யும் சிறு நிறுவனம் ஒன்றில் வேலைக்கு ஆள் எடுக்கும் பொறுப்பு என்னுடையது. சுற்றிலும் பணியர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர் ஊர்கள்தான். ஆனால் எங்களிடம் நிரந்தர வேலையில் இருந்த பழங்குடியினர் மூன்றே பேர்.

போன மாதம் அதிலும் ஒருவர் நின்றுவிட்டார். உறவில் ஒரு சாவு. சடங்கெல்லாம் முடிய ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. எங்கள் விதியில் துக்க விடுப்பு இரண்டு நாள், அதுவும் பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகளுக்கு மட்டும். பெரியப்பா மகன் அதில் வரவில்லை. சூப்பர்வைசர் சம்பளத்தைப் பிடித்தார். அந்தப் பெண் சண்டை போடவில்லை, திரும்பி வரவும் இல்லை. வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். தப்பு எங்கள் மேல்தான்.

விதியைத் திருத்த முதலாளி சம்மதித்துவிட்டார். எத்தனை நாள் வைப்பது, உறவுமுறையை எப்படி எழுதுவது? இப்படி மாற்றியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

அப்புறம், வேலை விளம்பரத்தில் 'பத்தாம் வகுப்பு கட்டாயம்' என்பதை எடுக்கப் போகிறேன். எடை போட்டு ஒட்டும் வேலைக்கு அது எதற்கு? சேரும்போது சாதிச் சான்றிதழ் கேட்பதையும் நிறுத்த வேண்டும். கோட்டாட்சியர் வரை போய் வாங்க வேண்டிய காகிதம் அது. அதற்காக அலைந்து களைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

சூப்பர்வைசர்களுக்கு அரை நாள் வகுப்பு எடுக்க, பணிய மொழி பேசும் பழங்குடியினர் யாராவது கிடைப்பார்களா? உரிய கட்டணம் கொடுப்போம். தெரிந்தவர்கள் இன்பாக்ஸுக்கு வாருங்கள்.