ஜெலட்டினோடு ஆல்ஜினேட்: துளி வராமல் திரிதிரியாகிறது

காரைக்குடி மாணவி: ஏ-வகை ஜெலட்டின் (அமிலத்தில் பதப்படுத்தியது; நேர்சுமை), கம் அரபிக் (மரப்பிசின்; எதிர்சுமை) கரைசல்கள் தலா 2%, 40 டிகிரி, பிஎச் (அமிலத்தன்மை அளவு) 4-இல் கலந்தால் அருமையான பால் துளிகள். கம்முக்குப் பதில் ஆல்ஜினேட் (கடற்பாசியிலிருந்து எடுப்பது; இதுவும் எதிர்சுமை) போட்டால் திரிதிரியாகப் படிகிறது. ஏன் அண்ணே?

தேவகோட்டை பாலிமர்: மின்சுமை அடர்த்திதான் காரணம்மா. ஆல்ஜினேட்டில் சர்க்கரை வளையம் ஒவ்வொன்றிலும் ஒரு கார்பாக்சில் (எதிர்சுமை தரும் அமிலத் தொகுதி). கம் அரபிக்கில் சுமார் ஐந்தில் ஒன்றில்தான். அடர்த்தி கூடினால் சங்கிலிகள் இறுகிப் பிணைந்து, நீர் வெளியேறி, திடமாகிவிடும். மிகக் குறைந்தால் துளிகளாகப் பிரியவே பிரியாது. இந்தப் பிணைப்பைத் தளர்த்த, இரண்டு கரைசலிலும் லிட்டருக்கு 2.9 கிராம் உப்பை (50 மில்லிமோலார்) முதலிலேயே கரைத்துவிட்டுக் கலக்குங்கள். போதாவிட்டால் படிப்படியாகக் கூட்டுங்கள். அளவு மிஞ்சினால் துளிகளும் கரைந்து எல்லாம் தெளிந்துவிடும்.

கானாடுகாத்தான்: எடைக்கு எடை போடாதீங்க, சுமைக்குச் சுமை கணக்குப் பார்த்து ஆல்ஜினேட்டைக் குறைங்க. பிஎச்சை 5 பக்கம் ஏற்றினால் ஜெலட்டினின் நேர்சுமையும் தணியும். போர்த்தண்ணி கூடவே கூடாது, கால்சியம் ஆல்ஜினேட்டை உறைய வைக்கும். மைக்ரோஸ்கோப்பில் பாருங்க: துளிகள் தொட்டதும் ஒன்றானால் திரவம்.