தேக்கு மேசையில் வெள்ளை வளையங்கள்: முழுசாகத் தேய்த்து எடுக்க வேண்டுமா?

கேள்வி:
வணக்கம். தாத்தா காலத்துத் தேக்கு மேசை, இப்போது மகள் அதில்தான் படிக்கிறாள். காபி டம்ளர் வைத்து வைத்து மேலே வெள்ளை வளையங்கள். கை உரசும் ஓரத்தில் பாலீஷ் போய் மரம் தெரிகிறது. ஆட்டமோ பூச்சியோ இல்லை. வந்து பார்த்தவர் மெஷின் வைத்துத் தேய்த்து பியூ (பாலியூரித்தேன் பூச்சு) அடிக்கலாம் என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. அந்த நிறம் போகாமல் வீட்டிலேயே சரி செய்ய வழி உண்டா?

பதில் 1:
மெஷின் இப்போதைக்கு வேண்டாம். மேலே இருப்பது என்ன பூச்சு என்று முதலில் தெரிய வேண்டும். பஞ்சில் பாலீஷ் ஸ்பிரிட் (அரக்கைக் கரைக்கும் ஆல்கஹால்) தொட்டு, மேசைக் காலின் உள்பக்கம் அரை நிமிடம் வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்துப் பஞ்சில் பழுப்பு ஒட்டினால் அரக்குப் பாலீஷ். அசையவில்லை என்றால் வார்னிஷோ பியூவோ, அதற்கு வழி வேறு.

கேட்டவர்:
பார்த்துவிட்டேன் அண்ணா. பஞ்சு நன்றாகவே பழுப்பாகிவிட்டது.

பதில் 1:
நல்லதாகப் போயிற்று! அரக்கு எத்தனை வருஷம் ஆனாலும் ஸ்பிரிட்டில் இளகும். புதுப் பூச்சு பழையதோடு கலந்துவிடும், சுரண்டவே வேண்டாம். வெள்ளை வளையம் பாலீஷுக்குள் புகுந்த ஈரம்தான். பழைய வேட்டித் துணியை ஸ்பிரிட்டில் நனைத்து, ஒட்டப் பிழிந்து, எங்கும் நிற்காமல் வீசித் துடையுங்கள். ஒரே இடத்தில் அழுத்தினால் பாலீஷ் கையோடு வந்துவிடும். வளையம் கறுப்பாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள், அது மரம் வரை இறங்கிய கறை.

அப்புறம் 320 நம்பர் உப்புத்தாளால் மர ரேகை ஓடும் திசையில் லேசாக ஒரு கை. லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் அவலரக்கு (அவல் மாதிரி செதிலாக இருக்கும் அரக்கு), இரவு முழுக்க ஊறட்டும், துணியில் வடிகட்டுங்கள். பஞ்சைத் துணியில் பொட்டலம் கட்டி மெல்லிசாகப் பூசுங்கள். முதலில் தேய்ந்த ஓரத்துக்கு நாலைந்து பூச்சு, நிறம் சேர்ந்தபின் முழுப் பலகைக்கும். மழை நாளில் தொடாதீர்கள், ஈரக் காற்றில் புதுப் பூச்சும் வெளுக்கும். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்பு, விளக்கு பக்கம் வேலை வேண்டாம்.

பதில் 2:
தேவையான அளவு மட்டும் கரையுங்கள். மாதக்கணக்கில் வைத்திருந்த அரக்கு சரியாகக் காயாமல் ஒட்டும். சாப்பாட்டு மேசை என்றால் நானும் பியூதான் சொல்லியிருப்பேன், சூடான பாத்திரத்தை அரக்கு தாங்காது. படிக்கிற மேசைக்கு அரக்கின் பளபளப்பே தனி அழகு.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. பழைய பெயிண்ட் டின்னில் கரைக்கலாமா?

பதில் 1:
வேண்டாம், இரும்பு பட்டால் அரக்கு கறுக்கும். கண்ணாடிப் பாட்டிலில் கரையுங்கள்.