புட்டிப்பாலில் வளரும் ஆண் அல்பாக்கா குட்டியைப் பிள்ளைகளோடு பழக விடலாமா?

தொழுவத்து வீடு கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். வீட்டை ஒட்டிய நிலத்தில் ஒரு சிறிய அல்பாக்கா (ரோமத்துக்காக வளர்க்கும், ஒட்டகக் குடும்பத்து விலங்கு) பண்ணையை நாங்களே நடத்தி வருகிறோம். கூலிக்கு ஆள் இல்லை. நான், என் கணவர், மாமனார், பள்ளிக்குச் செல்லும் மகள், அவளைவிடச் சிறிய மகன் என்று வீட்டார் மட்டுமே எல்லா வேலைகளையும் பகிர்ந்துகொள்கிறோம். காலையில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவி நிரப்புவதும் உலர்புல் போடுவதும் என் கணவரின் பொறுப்பு. புழுக்கை அள்ளுவது என்னுடையது. மந்தை முழுவதும் ஒரே இடத்தில் கழிக்கும் பழக்கமுடையது என்பதால் அது அவ்வளவு கடினமான வேலையில்லை. மாமனார் வேலிக்கு அருகில் நாற்காலி போட்டு அமர்ந்து, எது சரியாக மேயவில்லை, எது தனியே ஒதுங்கி நிற்கிறது என்பதைக் கவனித்துச் சொல்வார்.

இந்த முறை முதல் ஈற்றுத் தாய் ஒன்றுக்குப் பால் சுரக்கவில்லை. குட்டி ஆண். சீம்பாலுக்கு முதல் நாளே மருத்துவர் வழிசெய்துவிட்டார். அதன் பிறகு புட்டிப்பாலில்தான் வளர்கிறது. பால் கொடுக்கும் வேலையைப் பிள்ளைகள் இருவரும் விரும்பி ஏற்றுக்கொண்டார்கள். இப்போது அது அவர்கள் மடியில் தலை வைத்துப் படுக்கிறது, பின்னாலேயே திண்ணைவரை வருகிறது, குளிர் அதிகமான இரவுகளில் சமையலறை மூலையில் உறங்குகிறது. “குட்டி மந்தையில்தான் இருக்க வேண்டும், வீட்டுக்குள் என்ன வேலை?” என்று மாமனார் தினமும் கடிந்துகொள்கிறார். மனிதர்களோடு பழகிய விலங்கை நகம் வெட்டவும் ரோமம் கத்தரிக்கவும் பிடிப்பது எளிது என்பது என் கணவரின் வாதம். இருவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகத் தோன்றுவதால் எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. இத்தகைய குட்டியை வளர்த்த அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன். பிள்ளைகளுக்கு நீங்கள் என்னென்ன வேலைகளைக் கொடுக்கிறீர்கள், வீட்டில் எல்லோரும் சேர்ந்து வெளியூர் செல்வது எப்போதாவது சாத்தியப்படுகிறதா என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

பழைய பட்டி பதிலளித்தது:

சகோதரி, உங்கள் மாமனார் சொல்வதே சரி. பெண்குட்டியாக இருந்தால் இவ்வளவு அழுத்தமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

அல்பாக்கா மந்தையோடு வாழும் விலங்கு. தான் யார் என்பதை முதல் சில வாரங்களில் தன்னைச் சுற்றி இருப்பவர்களைப் பார்த்தே அது கற்றுக்கொள்கிறது. மனிதர்கள் மட்டுமே அருகில் இருந்து, பாலும் அணைப்பும் அவர்களிடமிருந்தே கிடைத்தால், ஆண்குட்டி மனிதர்களையும் தன் இனமாகவே எண்ணிக்கொள்ளும். சிறு வயதில் அது நமக்கு அன்பாகத் தெரிகிறது. பருவம் வந்தபின், மற்ற ஆண்களை எப்படி விரட்டுமோ அப்படியே மனிதர்களையும் விரட்டத் தொடங்கும். மார்பால் மோதும், கழுத்தால் அழுத்திக் கீழே தள்ளும், கால்களைக் கடிக்கும். வளர்ந்த ஆண் 60 கிலோவுக்கு மேல் எடையிருக்கும் என்பதையும், இரண்டு மூன்று வயதில் அதற்கு மேல் தாடையில் நான்கும் கீழ்த் தாடையில் இரண்டுமாகக் கூரிய சண்டைப் பற்கள் முளைக்கும் என்பதையும் உங்கள் மகனின் உயரத்தோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள். பழகிய விலங்கைப் பிடிப்பது எளிது என்று உங்கள் கணவர் கருதுவது புரிகிறது. ஆனால் நம்மைக் கண்டு சற்று விலகி நிற்கும் ஆணே கையாளுவதற்குப் பாதுகாப்பானது.

இப்போதே மாற்றிக்கொள்ளலாம். குட்டியை இன்றே தாயுடனும் மந்தையுடனும் விடுங்கள். தாய்க்குப் பால் இல்லாவிட்டாலும் அது குட்டியை ஏற்றுக்கொண்டிருந்தால், மேய்வது, அசைபோடுவது, பெரியவற்றுக்கு வழிவிட்டு ஒதுங்குவது ஆகிய அனைத்தையும் அதனிடமிருந்தே கற்கும். இரவுக் குளிருக்குக் கொட்டகையில் ஆழமாக உலர்புல் பரப்பி, குட்டிக்கென விற்கும் மேலாடையைப் போட்டுவிட்டால் போதும்; சமையலறை தேவையில்லை.

பாலைப் பெரியவர் ஒருவரே கொடுக்கட்டும். பட்டிக்குள் சென்று, நின்ற நிலையில், தாயின் மடி இருக்கும் உயரத்தில் புட்டியைப் பிடியுங்கள். குட்டியின் தலை பின்னோக்கி மிகவும் வளையக் கூடாது, வளைந்தால் பால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். பால் தாயின் உடல் சூட்டில், அதாவது ஏறத்தாழ 38 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். நாளொன்றுக்கு உடல் எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை என்பது பொதுக்கணக்கு. 7 கிலோ குட்டிக்கு 700 மில்லிலிட்டரிலிருந்து ஒரு லிட்டர்வரை பல வேளைகளாகப் பிரித்துக் கொடுக்கலாம். குடித்து முடித்ததும் பேச்சு, தடவல், கொஞ்சல் எதுவும் வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். தொடர்ந்து இரண்டு நாள் எடை ஏறாவிட்டால் மருத்துவரை அழைப்பது நல்லது.

கொஞ்ச நாளில் அது உங்களை நோக்கி ஓடி வருவதைவிடத் தாயின் பின்னால் ஓடுவது அதிகமானால் வழி சரி என்று பொருள். மாறாக, உங்கள் முன் கழுத்தைத் தாழ்த்தி வாலை முதுகின் மேல் மடித்து நின்றாலோ, வழியை மறித்து உடம்பில் சாய்ந்தாலோ, அதைக் குழைவு என்று ரசிக்காமல் உடனே விலக்கிவிடுங்கள்.

கம்பளி மூட்டை பதிலளித்தது:

குட்டியைப் பற்றி மேலே சொல்லப்பட்டதோடு முழுதும் உடன்படுகிறேன். பிள்ளைகளின் பங்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் புட்டியைப் பிடுங்கிக்கொண்டு வேறு எதையும் கொடுக்காவிட்டால் அவர்கள் மனம் வாடிவிடும்.

எங்கள் வீட்டில் வாரம் ஒருமுறை ஒவ்வொரு விலங்கின் முதுகையும் தடவிப் பார்க்கும் வேலை பெரிய மகளுடையது. தடித்த ரோமத்துக்குள் உடல் மெலிவது கண்ணுக்குத் தெரியாது, நோயையும் இவை கடைசிவரை மறைத்துக்கொள்ளும். ஆகவே கைதான் கண். கடைசி விலா எலும்புக்குச் சற்று முன்னால் முதுகெலும்பின் மேல் உள்ளங்கையை வைத்து, இருபுறமும் சரிவு எப்படி இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். கூரைபோல நேராகச் சாய்ந்தால் நல்ல உடல்வாகு, உட்குழிந்தால் மெலிவு, மேடாகப் புடைத்தால் தீவனம் அதிகம். அவள் சொல்ல, தம்பி நோட்டில் எழுதுவான். அப்படித் தடவிப் பார்த்ததில்தான் ஒருமுறை குடற்புழுத் தொல்லையை மருத்துவருக்கு முன்பே அவள் கண்டறிந்தாள். பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை ரோமம் கத்தரிக்கும் நாளில் வீட்டில் யாரும் சும்மா இருக்க முடியாது. ஒருவர் தலையைப் பிடிப்பார், ஒருவர் முதுகு ரோமத்தைக் கலையாமல் அள்ளுவார். கழுத்து ரோமமும் கால் ரோமமும் கலந்துவிடாமல் தனித்தனிப் பையில் போட்டுப் பெயரெழுதுவது சிறுவர்கள் வேலை. ஆறு மாதத்தில் பால் மறக்கும்போது தலைக்கயிறு பழக்குவதையும் பெரியவர் அருகில் நிற்கச் சிறுவர்கள் செய்யலாம். அந்த வயதில் உங்கள் மகள் அதே குட்டியைக் கயிற்றில் நடத்திச் செல்வதில் தவறில்லை; விளையாட்டாக அல்லாமல் பயிற்சியாக இருந்தால் போதும்.

தொழுவத்து வீடு கேட்டது:

மிக்க நன்றி. நேற்று மாலையே குட்டியைத் தாயிடம் விட்டுவிட்டோம். பிள்ளைகள் வேலியருகே போனால் மெல்லிய முனகலோடு ஓடி வருவதைப் பார்த்து மகன் அழுகிறான், என் கணவருக்கும் மனம் கேட்கவில்லை. சிறு வயதிலேயே காயடித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றும், அப்படியானால் இவ்வளவு கண்டிப்பு தேவையில்லை என்றும் அவர் கேட்கிறார். அது சரிதானா?

கால்நடைக் குறிப்பு பதிலளித்தது:

ஐயாவுடைய எண்ணம் பாதி மட்டுமே சரி. காயடிப்பது உதவக்கூடும், ஆனால் மனிதரைத் தன் இனமாக எண்ணும் பழக்கம் படிந்துவிட்ட விலங்கை அது மட்டும் திருத்திவிடும் என்று நம்பியிருக்க முடியாது. மிகச் சிறு வயதில் செய்தால் கால் எலும்புகள் அளவுக்கு மீறி நீண்டு, பின்னாளில் மூட்டுத் தொல்லை வரலாம் என்பதால், பொதுவாக ஒன்றரை வயதுக்கு மேல்தான் செய்வார்கள். உங்கள் குட்டிக்கு முன்னதாகவே செய்ய வேண்டுமா என்பதை, அதன் நடத்தையைப் பார்த்து உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும். கண்டிப்பைத் தளர்த்த அதை ஒரு காரணமாகக் கொள்ள வேண்டாம்.

முனகலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். தாயும் குட்டியும் நாள் முழுதும் அப்படித்தான் ஒன்றுக்கொன்று குரல் கொடுத்துக்கொண்டிருக்கும். பிள்ளைகள் சில நாள் வேலிப்பக்கம் போகாமல் இருந்தால் அந்தக் குரலுக்குத் தாய் பதில் சொல்லப் பழகிவிடும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சமையலறையில் குட்டி உறங்கியது வேறொரு காரணத்தாலும் நல்லதல்ல. கழிச்சல் கண்ட குட்டிகளிடமிருந்து கிரிப்டோஸ்போரிடியம் என்னும் நுண்ணுயிர் மனிதருக்கும் தொற்றும். சிறுவர்களையும் முதியவர்களையும் அது அதிகம் வருத்தும். பால்புட்டிகளை வீட்டுப் பாத்திரங்களோடு சேர்த்துக் கழுவ வேண்டாம், பட்டியிலிருந்து வந்ததும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கைகழுவட்டும். தோட்டத்தில் வெட்டிய செடிகொடிகளைப் பிள்ளைகள் ஆசையாக வேலிக்குள் வீசாமலும் பார்த்துக்கொள்ளுங்கள், சில அரளி இலைகளே ஓர் அல்பாக்காவைக் கொன்றுவிடும்.

பழைய பட்டி பதிலளித்தது:

வெளியூர்ப் பயணம் பற்றிய கேள்வி விடுபட்டுவிட்டது. சினைக்காலம் ஏறத்தாழ பதினொன்றரை மாதம். பெரும்பாலும் காலையிலிருந்து பிற்பகலுக்குள் பகல் வெளிச்சத்தில்தான் ஈனும். எனவே இணை சேர்த்த நாளைக் குறித்து வைத்திருந்தால், எந்த வாரங்களில் வீட்டில் ஆள் இருந்தே ஆக வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் எல்லாப் பெண் விலங்குகளையும் நெருங்கிய நாள்களில் இணை சேர்ப்போம்; அந்த ஒரு பருவம் முழுவதும் யாராவது ஒருவர் பட்டியை விட்டு அகல மாட்டோம். மற்ற மாதங்களில், தண்ணீரும் உலர்புல்லும் வைத்து, காலையும் மாலையும் மந்தையை எண்ணிப் பார்க்கத் தெரிந்த ஒருவர் கிடைத்தால் குடும்பத்தோடு சில நாள் போய்வருகிறோம். புட்டிப்பால் குடிக்கும் குட்டி இருக்கும் இந்த ஆண்டில் உங்களுக்கு அது இயலாது. பால் மறக்கும்வரை ஒருவர் வீட்டில் இருந்தே ஆக வேண்டும். உங்கள் மாமனாரைக் கேட்டால் அவர் தானே இருப்பதாகச் சொல்வார் என்றுதான் நினைக்கிறேன்.