உதவி: ஜெம்ஸ்பாக் விழுந்து, எழுந்து, ஓடிவிட்டது. தோட்டா சிறியதா, குண்டு சரியில்லையா?

அல்சூர்க்காரன்
வெள்ளி, இரவு 9.40

வணக்கம். பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். அக்கா வீட்டுக்காரர் நமீபியாவின் விண்ட்ஹுக்கில் வேலை பார்க்கிறார். போன ஜூனில் அங்கே போயிருந்தபோது, பதிவு பெற்ற வேட்டை வழிகாட்டி ஒருவருடன், முறையான அனுமதிச்சீட்டு வாங்கி, ஒரு பண்ணையில் ஜெம்ஸ்பாக் (பெரிய ஆப்பிரிக்க மான்) வேட்டைக்குப் போனோம். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இதற்கு இடமில்லை என்று தெரியும். நான் கேட்பது அங்கே நடந்ததைப் பற்றி மட்டும்தான்.

பண்ணையின் .308 ரைஃபிள் (எண் குண்டின் குறுக்களவு, அங்குலத்தில்). தோட்டாவில் 150 கிரெயின் (சுமார் 10 கிராம்) எடையுள்ள சாதாரண ஈயமுனைக் குண்டு. சுமார் 60 மீட்டர். ஆண் ஜெம்ஸ்பாக் பக்கவாட்டில் நின்றது. தோள்பட்டையின் நடுவில் குறி வைத்தேன். சுட்டதும் அப்படியே விழுந்தது. அத்தான் என் முதுகில் தட்டினார். அரை நிமிடம் கூட ஆகியிருக்காது, எழுந்து ஓடிவிட்டது. நான்கு மணி நேரம் தடம் பார்த்துப் போய், வழிகாட்டி இரண்டாவது குண்டில் முடித்தார். அந்த நான்கு மணி நேரத்தை இன்னும் மறக்க முடியவில்லை. ஒரு உயிரை அப்படி அலைய விட்டது என் தவறு.

உரிக்கும்போது என் குண்டு கிடைத்தது. எடை போட்டால் 58 கிரெயின்தான் மிச்சம். மீதி துண்டு துண்டாகச் சிதறியிருந்தது.

அடுத்த மே மாதம் மறுபடி அழைக்கிறார்கள், இந்த முறை குடு என்ற பெரிய மான். .308 போதாது, .375க்குப் போய்விடு என்று அத்தான் சொல்கிறார். போகலாமா?

ஒயிட்ஃபீல்டு நிலவியல்
வெள்ளி, இரவு 10.25

ஆறு வருடம் நமீபியாவில் சுரங்க வேலை பார்த்துவிட்டு வந்தவன் நான். .375 வேண்டாம் சார்.

நமீபியச் சட்டம் தோட்டாவின் பெயரைப் பார்ப்பதில்லை, குழல் வாயில் இருக்கும் சக்தியைப் பார்க்கிறது. ஸ்பிரிங்பாக் அளவுள்ள சின்ன மானுக்குக் குறைந்தது 1,350 ஜூல். குடு, ஜெம்ஸ்பாக், வில்டபீஸ்ட், ஈலண்டு போன்ற பெரிய மான்களுக்கு 2,700. எருமை, யானைக்கு 5,400. உங்கள் .308, 150 கிரெயினில் சுமார் 3,500 ஜூல் தரும். ஆக, சக்தியில் குறையே இல்லை. அந்தச் சக்தி உள்ளே எவ்வளவு ஆழம் போய்ச் சேர்ந்தது என்பதுதான் கேள்வி.

150 கிரெயினில் 58 மிச்சம் என்றால் நாற்பது சதவீதத்துக்கும் கீழே. மெல்லிய செம்பு உறைக்குள் மெத்தென்ற ஈயம், 60 மீட்டரில் வேகம் அதிகம் குறையாமல் கனமான எலும்பில் மோதினால் உடையத்தான் செய்யும். கிட்டத்தில் சுட்டால் குண்டுக்கு வேலை சுலபம் என்று நினைக்கிறோம். சாதாரண குண்டுக்குக் கிட்டத்தில்தான் கடினம், ஏனென்றால் அங்கேதான் வேகம் அதிகம்.

இது பழைய கதைதான். 1946இல் ஜான் நாஸ்லர் என்ற அமெரிக்கர் கனடாவில் மூஸ் என்ற பெரிய மான் வேட்டைக்குப் போனபோது அவர் குண்டும் இப்படித்தான் மேலேயே சிதறி நின்றது. வீட்டுக்கு வந்து, குண்டின் நடுவில் ஒரு செம்புத் தடுப்புச் சுவர் வைத்துப் பார்த்தார். முன்பாதி விரிந்து காயத்தை அகலமாக்கும், பின்பாதி உடையாமல் உள்ளே போகும். அதுதான் நாஸ்லர் பார்ட்டிஷன், இன்றும் விற்கிறது.

அப்புறம் இரண்டு வழிகள் வந்தன. ஒன்று, ஈயத்தையும் உறையையும் பிரியாமல் பிணைத்துவிடுவது. ஸ்விஃப்ட் ஏ-ஃப்ரேம், நார்மா ஓரிக்ஸ், நாஸ்லர் அக்யூபாண்ட் எல்லாம் அந்த வகை. இன்னொன்று, ஈயமே இல்லாத முழுச் செம்பு. பார்ன்ஸ் நிறுவனம் 1989இல் கொண்டுவந்தது. மோதியதும் முனை பூப்போல நான்கு இதழாக விரியும், எடை பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

அதே .308இல் 180 கிரெயின் பிணைத்த குண்டு போடுங்கள். குடுவுக்கு அது போதும்.

கே.ஆர். புரம் பேரன்
சனி, காலை 7.10

என் தாத்தா 1972க்கு முன்னால் தேன்கனிக்கோட்டைப் பக்கம் பன்றி வேட்டைக்குப் போனவர். இஷாப்பூர் .315 ரைஃபிள் ஒன்று வைத்திருந்தார். வெள்ளைக்காரன் காலத்தில் ராணுவத் தோட்டாவான .303ஐப் பொதுமக்கள் வைத்துக்கொள்ள விடவில்லை. அதனால் ஆஸ்திரியாவின் பழைய 8×50 மான்லிகர் தோட்டாவை எடுத்து .315 என்று செய்தார்கள். 244 கிரெயின், கனமான குண்டு. மெதுவாகத்தான் போகும். ஆனால் உடைந்தது என்று தாத்தா ஒரு நாளும் சொல்லவில்லை. கனம் இருந்தால் போதும் என்பது அவர் வாக்கு. அது சரியா?

ஒயிட்ஃபீல்டு நிலவியல்
சனி, காலை 8.05

பாதி சரி. அவர் குண்டு உடையாததற்குக் கனம் ஒரு காரணம், மெதுவாகப் போனது இன்னொரு காரணம். வேகம் குறைவாக இருந்தால் சாதாரண ஈயமுனையும் ஒழுங்காக விரிந்து உள்ளே போகும். .300 மேக்னம் போன்ற அதிவேகத் தோட்டாவின் வேகத்தில் அதே மாதிரி குண்டைப் போட்டால் கதை மாறிவிடும்.

கனத்தை மட்டும் பார்க்காமல், குறுக்களவோடு சேர்த்துப் பார்க்க ஒரு கணக்கு உண்டு. எடையைப் பவுண்டில் எடுத்து, அங்குலக் குறுக்களவின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். .30 குழலில் 150 கிரெயினுக்கு 0.226 வரும், 180க்கு 0.271 வரும். .375இல் 300 கிரெயினுக்கு 0.305. ஒரே மாதிரி கட்டிய குண்டுகள் என்றால் எண் பெரிதாக ஆக ஆழமாகப் போகும். கட்டு வேறு வேறாக இருந்தால் இந்த எண்ணை நம்ப முடியாது. முழுச் செம்பில் 165 கிரெயின், சாதாரண ஈயத்தின் 180ஐ விட ஆழம் போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

செம்பு ஈயத்தை விட லேசு என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும். அதனால் செம்பு வாங்கினால் ஒரு படி குறைத்து 150 அல்லது 165 எடுங்கள்.

காக்ஸ் டவுன் சாப்பர்
சனி, காலை 11.30

தம்பி, நான் மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்து ஓய்வு பெற்றவன். வேட்டை அனுபவம் கிடையாது, ஆனால் குண்டு பற்றி ஒன்று சொல்கிறேன். ராணுவத்தில் நாங்கள் சுட்டது முழு உறை போட்ட குண்டு, நேராகத் துளைத்துப் போய்விடும். விரியும் குண்டுக்குப் பேர் வந்ததே நம் கல்கத்தா பக்கத்து டம்டம் ஆயுதசாலையில் இருந்துதான். 1890களில் அங்கே .303க்கு முனை திறந்த குண்டு செய்தார்கள். 1899இல் ஹேக் மாநாட்டில் போருக்கு அது கூடாது என்று ஒப்பந்தம் வந்தது. வேட்டையில் தலைகீழ். விலங்கு சீக்கிரம் சாக வேண்டும் என்றால் விரியும் குண்டுதான் வேண்டும். சகாய விலையில் ராணுவத் தோட்டா கிடைக்கிறது என்று யாராவது கொடுத்தால் தொடாதீர்கள்.

இன்னொரு கேள்வி. சுடும் முன்னால் அந்த ரைஃபிளை இலக்கு அட்டையில் சரி பார்த்தீர்களா? எந்தத் தோட்டாவில்?

அல்சூர்க்காரன்
சனி, மதியம் 1.15

பார்த்தேன் ஐயா. முந்தின நாள் 100 மீட்டரில் மூன்று குண்டு சுட்டேன், மூன்றும் நடுவில். ஆனால் நீங்கள் கேட்ட பிறகுதான் யோசித்தேன். அது பண்ணைக்காரரின் 180 கிரெயின் பெட்டி. அது தீர்ந்துவிட்டதால் காலையில் வேறொரு பெட்டியில் இருந்து 150 கொடுத்தார்கள். இரண்டும் .308 தானே என்று நானும் வாங்கிக்கொண்டேன்.

காக்ஸ் டவுன் சாப்பர்
சனி, மதியம் 1.40

அங்கேதான் முதல் தப்பு. எடை மாறினால் குண்டு விழும் இடமும் மாறும். கம்பெனி மாறினாலும் மாறும். லேசான, வேகமான குண்டு பெரும்பாலும் இரண்டு மூன்று விரல்கடை மேலே விழும், பக்கவாட்டிலும் விலகலாம். எந்தப் பெட்டியில் சுடப் போகிறீர்களோ அந்தப் பெட்டியில்தான் சரி பார்க்க வேண்டும்.

ஒயிட்ஃபீல்டு நிலவியல்
சனி, மாலை 6.50

ஐயா கேட்டது நல்ல கேள்வி. நேற்று நான் குண்டின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். முதல் பதிவை மறுபடி படித்தேன். சுட்டதும் விழுந்தது, அரை நிமிடத்தில் எழுந்து ஓடியது. சார், குண்டு எந்த உயரத்தில் பட்டிருந்தது?

அல்சூர்க்காரன்
சனி, இரவு 8.20

தோளின் மேல் பக்கம், திமிலுக்குக் கீழே. முதுகெலும்பின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பு ஒன்று உடைந்திருந்தது. நுரையீரலில் ஒரு சின்னத் துண்டு கூடப் போகவில்லை.

ஒயிட்ஃபீல்டு நிலவியல்
சனி, இரவு 9.05

அப்படியானால் விடை கிடைத்துவிட்டது. ஜெம்ஸ்பாக்கின் முதுகெலும்புக்கு மேலே நீளமான முள்ளெலும்புகள் இருக்கின்றன, திமிலைத் தூக்கிப் பிடிப்பவை அவைதான். அதில் குண்டு பட்டால் தண்டுவடம் அதிர்ந்து விலங்கு பொத்தென்று விழும். அதிர்ச்சி தெளிந்ததும் எழுந்து ஓடும். ஆப்பிரிக்க வழிகாட்டிகள் இதைக் கண்டால் உடனே இரண்டாவது குண்டைப் போடச் சொல்வார்கள். விழுந்ததும் முதுகில் தட்டுவதற்குப் பதில் மறு தோட்டா ஏற்றியிருக்க வேண்டும். அத்தானிடமும் சொல்லுங்கள்.

அந்த இடத்தில் .375 பட்டிருந்தாலும் ஓடியிருக்கும். நல்ல குண்டு போட்டிருந்தால் அந்தப் பக்கம் துளைத்துப் போயிருக்கும், அவ்வளவுதான்.

நீங்கள் பார்த்துப் படித்த படங்கள் அமெரிக்க மானுடையதாக இருக்கும். அங்கே தோளுக்குப் பின்னால், நடு உயரத்தில் சுடச் சொல்வார்கள். ஆப்பிரிக்க மான் இனங்களுக்கு இதயமும் நுரையீரலும் இன்னும் முன்னால், இன்னும் கீழே, முன்னங்கால்களுக்கு நடுவிலேயே இருக்கின்றன. திமில் வேறு கண்ணை ஏமாற்றி உடம்பின் நடுவை மேலே காட்டும். பக்கவாட்டில் நின்றால் முன்னங்காலின் நடுக்கோட்டைப் பிடித்துக்கொண்டே கீழிருந்து மேலே வாருங்கள், மார்பின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நிறுத்துங்கள். குடுவுக்கும் அதே இடம்தான்.

இப்படி எலும்பு வழியாகப் போக வேண்டியிருப்பதால்தான் கெட்டியான குண்டு கேட்கிறேன். இடம் முதலில், குண்டு இரண்டாவது, தோட்டாவின் பெயர் மூன்றாவது.

கே.ஆர். புரம் பேரன்
ஞாயிறு, காலை 9.15

பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 7×57 மவுசரில் நூற்றுக்கணக்கான யானைகளைச் சுட்டார் என்று படித்திருக்கிறேன். ஜிம் கார்பெட்டின் ரிக்பி .275ம் அதே தோட்டாதான். அப்படியானால் சின்னத் தோட்டாவே போதுமே?

ஒயிட்ஃபீல்டு நிலவியல்
ஞாயிறு, காலை 10.00

பெல் யானையின் மண்டையோட்டை ரம்பத்தால் அறுத்து, மூளை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டவர். போட்டது விரியாத முழு உறைக் குண்டு, அந்தச் சின்ன இடத்துக்கு மட்டும். நம்மைப் போல வருடத்துக்கு ஒரு தடவை துப்பாக்கி பிடிப்பவர்கள் அவரைப் பார்த்துத் தோட்டா தேர்ந்தெடுக்கக் கூடாது. இன்றைக்கு யானைக்கு அது சட்டப்படியும் செல்லாது.

குடுவுக்கு 7×57 தாராளமாகப் போதும். .308, .30-06 எல்லாம் அதே கூட்டம்தான். பண்ணையில் .30-06 இருந்தால் அதை எடுங்கள். 1906இல் வந்த தோட்டா, 180 கிரெயினில் சுமார் 3,900 ஜூல். எந்த ஊரிலும் கிடைக்கும். .375இல் 300 கிரெயின் போட்டால் பின்னுதைப்பு இதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டு தடவை தோளில் வாங்கினால் மூன்றாவது தடவை விரல் இழுக்கும் முன்பே கண் மூடிக்கொள்ளும். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் போக்குவது பெரும்பாடு.

அல்சூர்க்காரன்
ஞாயிறு, இரவு 7.30

மூன்று பேருக்கும் நன்றி. அத்தானிடம் பேசிவிட்டேன். பண்ணையில் .30-06 இருக்கிறதாம். 180 கிரெயின் பிணைத்த குண்டு இரண்டு பெட்டி, ஒரே லாட்டில் (ஒரே தயாரிப்புத் தொகுதியில்) வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். முதல் பெட்டியில் சரி பார்ப்பது, மிச்சத்தில்தான் வேட்டை. துப்பாக்கியை இங்கிருந்து கொண்டுபோகும் எண்ணம் இல்லை.

மே வரைக்கும் இங்கே என்ன பயிற்சி எடுக்கலாம்? கிளப்பில் .22 மட்டும்தான் கிடைக்கிறது. எல்லோரும் படுத்துக்கொண்டோ மேசையில் வைத்தோதான் சுடுகிறார்கள்.

காக்ஸ் டவுன் சாப்பர்
ஞாயிறு, இரவு 8.10

.22 போதும் தம்பி. உதைக்காது, அதனால் தப்பு எங்கே என்று தெளிவாகத் தெரியும். ஆனால் படுத்துச் சுடாதீர்கள். அங்கே புதர் உயரத்தில் நின்றுகொண்டுதான் சுட வேண்டியிருக்கும். மூன்று மூங்கில் கம்பை மேல்பக்கம் ரப்பரால் கட்டி முக்காலி மாதிரி விரித்து, அதன் மேல் குழலின் மரப்பாகத்தை வைத்துச் சுடுங்கள். குழல் கம்பைத் தொடக் கூடாது. கிளப் அதிகாரியிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். வாரத்துக்கு இருபது குண்டு, ஒவ்வொன்றுக்கும் பிறகு தோளில் இருந்து இறக்காமல் போல்ட்டை இழுத்து அடுத்ததை ஏற்றுங்கள். விலங்கு விழுந்தாலும் ஏற்ற வேண்டும் என்பது கைக்குப் பழகிவிட வேண்டும்.

அல்சூர்க்காரன்
ஞாயிறு, இரவு 8.25

கம்பு எவ்வளவு உயரம் ஐயா?

காக்ஸ் டவுன் சாப்பர்
ஞாயிறு, இரவு 8.30

விரித்து வைத்தபின் கட்டு உங்கள் மார்புக்கு மேல், தோளுக்குச் சற்றுக் கீழே வர வேண்டும். ஆறடி மூங்கிலாக வாங்கி அடியில் வெட்டிக்கொள்ளுங்கள். சிவாஜி நகரில் ஏணிக்கு மூங்கில் விற்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.